உலாவியின் தளர்ச்சி

கருவிகளை ஆக்கியும் ஆண்டும் மாந்தர் தம் வாழ்வை வளம்படுத்தி வந்துள்ளனர். ஏரும் ஏற்றமும் உழவர்க்கும், தறியும் நாடாவும் நெசவாளர்க்கும், உளியும் இழைப்புளியும் தச்சர்க்கும் துணைநின்றன. எக்கருவியும் ஒருநாள் பழுதுறும். பழுதுற்ற கருவியைக் கண்டு சினங்கொள்வார் ஒரு சாரார். அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்க முனைவார் மற்றொரு சாரார். பழுதின் காரணம் யாது என அமைதியுடன் ஆராய்வார் வேறொரு சாரார். இம்மூவகையினருள் கருவியை உண்மையாக ஆள்பவர் இறுதியிற் கூறப்பட்டவரே ஆவர்.

இக்காலத்தில் மாணவர் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் ஒன்று இணைய உலாவி. தேர்வு முடிவு காணல், கல்லூரிக்கு விண்ணப்பித்தல், உதவித்தொகை வேண்டல், பாடம் பயிலல், பயணச்சீட்டுப் பெறல் முதலிய பலவும் இன்று அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று அவ்வுலாவி நகர மறுத்து நின்றுவிடின், ஒரு மாணவனது ஓராண்டு உழைப்பே தடைப்படவும் கூடும். ஆகவே அஃது ஏன் தளர்கிறது, தளர்ந்தபொழுது யாது செய்தல் வேண்டும் என்பவற்றை அறிந்திருத்தல் வெறும் பொழுதுபோக்கு அன்று. வாழ்க்கைக்கு வேண்டிய கல்வியே ஆகும்.

உலாவி என்பது யாது?

உலகெங்கும் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட பெருவலையை இணையம் என்கிறோம். அவ்வலையில், பக்கங்களைத் தம்பால் வைத்துக்கொண்டு கேட்பவர்க்கு அனுப்பும் கணினிகளுக்கு வழங்கிகள் என்பது பெயர். வழங்கியிடமிருந்து பக்கத்தைப் பெற்று, நம் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருளே உலாவி. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியன இன்று பலரும் பயன்படுத்தும் உலாவிகள்.

முதல் உலாவியை டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வகத்தில் 1990-ஆம் ஆண்டு இயற்றினார். 1993-இல் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி தோன்றியது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இணைந்து தோன்றுமாறு காட்டி, அது பொதுமக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி பிறந்தது. அதன்பின் வலைப்பக்கம் படித்தற்குரிய தாளாக மட்டும் நில்லாமல், தானே கணக்கிடவும் அசையவும் வினவவும் விடையளிக்கவும் வல்ல பொறியாகவும் மாறிற்று.

இன்று ஒரு பக்கத்தைத் திறத்தல் ஒரு தாளைப் புரட்டுதல் போன்றதன்று. ஒரு சிறு பொறியை நம் கணினியினுள் ஓடவிடுதல் போன்றதாகும். டேப் என வழங்கும் தாவல்கள் பத்தினைத் திறந்து வைத்தவன், பத்துப் பொறிகளை ஒருங்கே ஓட்டுகின்றான். பழைய கணினிகள் இக்காலப் பக்கங்களைக் கண்டு தளர்வதற்கு இது ஒரு முதன்மையான காரணமாகும்.

தாமதமும் திணறலும்

உலாவியின் தளர்ச்சி இருவகைப்படும். பக்கம் வந்து சேரவே நெடுநேரம் ஆவது ஒன்று. வந்து சேர்ந்த பக்கம், அதனை உருட்டும்பொழுதும் அதில் எழுதும்பொழுதும் விட்டுவிட்டு அசைவது மற்றொன்று. முன்னதைத் தாமதம் என்றும், பின்னதைத் திணறல் என்றும் கூறுவோம். இவ்விரண்டனையும் வேறு பிரித்தறிதலே ஆராய்ச்சியின் முதற்படி ஆகும்.

தாமதத்தை அளத்தற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993-இல் வெளிவந்த தம் நூலில் மூன்று எல்லைகளை எடுத்துரைத்தார். விசையை அழுத்தியபின் 0.1 நொடிக்குள் விளைவு தோன்றுமாயின், அஃது உடனே நிகழ்ந்ததாக நம் மனம் கொள்ளும். 1 நொடி வரையில் தாமதம் புலப்படினும் எண்ணத்தின் ஓட்டம் அறுபடாது. 10 நொடியைக் கடந்துவிடின், கருத்து வேறொன்றின்பாற் சென்றுவிடும்.

திணறலின் கணக்கு வேறு. திரைகளுட் பெரும்பாலானவை ஒரு நொடிக்கு 60 முறை தம் காட்சியைப் புதுப்பிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு காட்சியையும் ஆக்குதற்கு உலாவிக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் பணி முடியாவிடின் அக்காட்சி தவறும். பழைய காட்சியே திரையில் நிற்கும். பல காட்சிகள் இங்ஙனம் தவறும்பொழுது, ஓட்டம் தடைப்பட்டுக் குதிப்பதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது.

காட்சி ஏன் தவறுகிறது? ஒரு பக்கத்தின் நிரலை ஓட்டுதலும், அப்பக்கத்தை அடுக்கி அமைத்தலும் பெரும்பாலும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும் பணிகள். நிரலின் ஒரு பகுதி நெடுநேரம் ஓடின், பின்னால் உள்ள பணிகளெல்லாம் காத்துக் கிடக்கும். ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க குறுகிய பாலத்தில் ஒரு பாரவண்டி நின்றுவிட்டால், பின்வரும் வண்டிகள் யாவும் நிற்பது போன்றது இது.

பொதுவாகக் கூறுமிடத்து, தாமதம் பெரும்பாலும் வழங்கியிலோ வழியிலோ உள்ள குறையைக் காட்டும். திணறல் பெரும்பாலும் நம் கணினியில் உள்ள குறையைக் காட்டும். 'பெரும்பாலும்' என்னும் சொல்லை ஈண்டு மறத்தலாகாது. குறி கண்டு ஐயுறுதல் முதல். சோதித்துத் தெளிதல் அடுத்தது.

ஏரியா, வாய்க்காலா, வயலா?

வயலுக்கு நீர் வரவில்லையெனின் உழவர் மூன்று இடங்களைப் பார்ப்பர். ஏரியில் நீர் உள்ளதா? வாய்க்கால் தூர்ந்துள்ளதா? வயலின் மடை அடைபட்டுள்ளதா? ஏரி வற்றிக் கிடக்க வயலை வெட்டுவதனாற் பயனில்லை. மடை அடைபட்டிருக்க ஏரியைப் பழிப்பதும் அறிவன்று. உலாவிக்கும் இம்முறையே பொருந்தும். வழங்கி ஏரியாகும், இணைய இணைப்பு வாய்க்காலாகும், நம் கணினியும் உலாவியும் வயலாகும்.

முதலாவது ஏரியைப் பார்ப்போம். ஒரு தளம் மட்டும் தளர்ந்து, பிற தளங்கள் விரைந்து வருமாயின், குறை அத்தளத்தின் வழங்கியிடத்தே இருத்தல் கூடும். தேர்வு முடிவு வெளியாகும் நாளிலும், விண்ணப்பத்தின் இறுதி நாளிலும் மிகப் பலர் ஒரே நேரத்தில் ஒரே வழங்கியை நாடுவர். அப்பொழுது நம் கணினியில் எதனை மாற்றினும் பயன் விளையாது. பொத்தானைப் பன்முறை அழுத்துதல் தீங்கும் விளைக்கும். பணம் செலுத்தும் பக்கமாயின், ஒரே தொகை இருமுறை கழியவும் கூடும். சிறிது பொறுத்தலும், பணம் கழிந்ததா என்று வங்கிக் கணக்கைப் பார்த்தபின்னரே மீண்டும் முயலுதலும் அதற்கு மருந்து. இறுதி நாளுக்குச் சில நாள் முன்னரே பணியை முடித்தல் அதனினும் சிறந்த காப்பு.

இரண்டாவது வாய்க்கால். எல்லாத் தளங்களும் தாமதமாக வருமாயின், அதே இணைப்பைப் பயன்படுத்தும் வேறொரு கருவியிற் பார்த்தல் வேண்டும். கைப்பேசியில் பார்ப்பதாயின், அதன் சொந்தத் தரவை நிறுத்திவிட்டு, கணினி பயன்படுத்தும் அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க. அதுவும் தளருமாயின், தூர்ந்தது வாய்க்காலே எனக் கருதலாம். வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கலாம். ரூட்டர் பல சுவர்களுக்கு அப்பால் இருக்கலாம். கைப்பேசி வழியே இணைப்புப் பெறுபவராயின், அன்றைய தரவளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம். ரூட்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் இயக்குதல், அதன் அருகிற் சென்று பார்த்தல், கம்பியால் இணைத்துப் பார்த்தல் ஆகியன எளிய சோதனைகள்.

மூன்றாவது வயல். கைப்பேசி விரைந்து காட்ட, கணினி மட்டும் தளருமாயின் குறை நம்மிடத்தே உள்ளது. அதே கணினியில் வேறோர் உலாவியைத் திறந்து, அதே பக்கத்தைப் பார்க்க. அதுவும் திணறின் குறை கணினியின்பால் இருத்தல் கூடும். அது நன்கு ஓடின் குறை முதல் உலாவியின்பால் இருத்தல் கூடும். இம்மூன்று சோதனைகளும் சில நிமிடங்களில் முடிவன. இவற்றைச் செய்யாமல் அமைப்புகளை மாற்றப் புகுவார், இருளில் அம்பு எய்வாரை ஒப்பர்.

தாவல்களின் பாரம்

குறை வயலில் உள்ளது எனத் தெரிந்தபின், முதலிற் பார்க்கத்தக்கது பாரம். கணினி தான் அப்பொழுது செய்யும் பணிக்கு வேண்டியவற்றை ராம் எனப்படும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நினைவகம் மாணவன் அமர்ந்து படிக்கும் மேசை போன்றது. வன்தட்டு அறையின் மறுகோடியில் உள்ள அலமாரி போன்றது. மேசை நிறைந்துவிடின், சில நூல்களை அலமாரியில் வைத்துவிட்டே வேறு நூல்களை எடுத்தல் வேண்டும். சுழலும் வன்தட்டில் ஓரிடத்தைத் தேடி அடைய ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். நினைவகமோ அதனினும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு விரைவுடையது. ஆகவே நினைவகம் நிரம்பி வழியத் தொடங்கியதும், அதுவரை நன்றாக ஓடிய கணினி திடீரெனச் செயலற்றதுபோல் ஆகிவிடுகிறது. எஸ்எஸ்டி எனப்படும் புதுவகைச் சேமிப்பகம் இவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைக்கும், முற்றும் நீக்காது.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த குரோம் உலாவி, தாவல்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து ஓட்டும் முறையைக் கைக்கொண்டது. ஒரு பக்கம் முறிந்து வீழ்ந்தாலும் பிற பக்கங்கள் வீழாமல் நிற்றல் அதன் நன்மை. 2016-இல் பயர்பாக்ஸும் இத்தகைய பிரிவினை முறையைத் தன் பயனர்க்கு வழங்கத் தொடங்கிற்று. ஆயினும் தனித்தனிக் குடித்தனத்திற்குத் தனித்தனி அடுப்பு வேண்டுவது போல, இம்முறைக்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை அதுவாகும்.

எத்தாவல் மிகுதியாகக் கொள்கிறது என்பதை ஊகித்தல் வேண்டா, கண்டே அறியலாம். விண்டோஸ் கணினியில் குரோமையோ எட்ஜையோ திறந்து, ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய இரு விசைகளையும் ஒருங்கே அழுத்தின், உலாவியின் டாஸ்க் மேனேஜர் தோன்றும். ஒவ்வொரு தாவலும் கொள்ளும் நினைவகமும், அதற்காக நுண்செயலி உழைக்கும் உழைப்பும் அதில் எண்களாகக் காணப்படும். பயர்பாக்ஸிலும் இத்தகைய பட்டியல் உண்டு. எண் மிகுந்து நிற்கும் தாவலை அங்கேயே நிறுத்தலாம். நிறுத்துமுன் அதில் எழுதிய விண்ணப்பம் எதுவும் சேமிக்கப்படாமல் உள்ளதா என நோக்குதல் இன்றியமையாதது.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. உலாவி நினைவகத்தை மிகுதியாகக் கொள்ளுதல் தானே நோய் ஆகிவிடாது. வெறுமையாகக் கிடக்கும் மேசையால் யார்க்கும் பயனில்லை. நிரம்பி வழிதலே நோய். அந்நிலையில் வேண்டாத தாவல்களை மூடுக. பின்னர்ப் படிக்க விரும்புவனவற்றைப் புக்மார்க் எனப்படும் பக்கக்குறியாகச் சேமித்துக்கொள்க. பயன்படுத்தாத தாவல்களை உறங்கச் செய்யும் ஏற்பாடு எட்ஜில் 2021-இலும், குரோமில் 2022-இன் இறுதியிலும் அமைந்தது. நினைவகம் குறைந்த கணினியுடையார் அதனை அமைப்புகளில் இயக்கிக்கொள்ளுதல் நன்று.

நீட்டிப்புகளைச் சோதித்தல்

உலாவியின் ஆற்றலைப் பெருக்குதற்குச் சேர்க்கப்படும் சிறு மென்பொருள்கள் எக்ஸ்டென்ஷன் எனும் நீட்டிப்புகள். விளம்பரம் தடுத்தல், சொற்பிழை காட்டல், மொழிபெயர்த்தல் முதலியன அவற்றின் பணிகள். அவற்றுட் பல, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தினுள்ளும் புகுந்து பணிபுரிவன. விளம்பரம் தடுக்கும் நல்ல நீட்டிப்பு பக்கத்தின் பாரத்தைக் குறைத்தலும் உண்டு. ஆதலின் நீட்டிப்புகள் யாவும் தீயன எனக் கொள்ளற்க. ஆனால் பிழையாக எழுதப்பட்ட ஒன்றே எல்லாப் பக்கங்களையும் திணறச் செய்ய வல்லது.

இதனை அறியும் வழி எளிது. குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து அதே பக்கத்தைப் பார்க்க. நாம் தனியே இசைவு அளித்தாலன்றி நீட்டிப்புகள் அச்சாளரத்தில் இயங்கா. பயர்பாக்ஸில் இதற்கெனவே சிக்கல் தீர்க்கும் நிலை ஒன்று உள்ளது. அதன் கீழும் நீட்டிப்புகள் இயங்கா. அங்குத் திணறல் நீங்குமாயின், நீட்டிப்புகளின்மேல் ஐயம் வலுப்பெறும்.

இனி, பலவற்றுள் எது குற்றமுடையது எனக் காணல் எங்ஙனம்? ஒரு மாணவியின் உலாவியில் 8 நீட்டிப்புகள் உள்ளன எனக் கொள்வோம். அவள் முதல் நான்கினை நிறுத்துகிறாள், திணறல் நீங்கவில்லை. ஆகவே குற்றம் எஞ்சிய நான்கில் உள்ளது. அந்நான்கில் இரண்டினை நிறுத்துகிறாள், திணறல் நீங்கிவிட்டது. ஆகவே குற்றம் அவ்விரண்டில் உள்ளது. அவற்றுள் ஒன்றை மட்டும் மீண்டும் இயக்குகிறாள். திணறல் திரும்பி வருகிறது. குற்றவாளி அதுவே! ஒவ்வொன்றாகச் சோதித்தால் எட்டு முறை வரையில் வேண்டியிருக்கும் பணி, பாதி பாதியாகப் பிரித்ததனால் மூன்றே முறையில் முடிந்தது. குற்றமுடையது ஒன்றேயாயின், 16 நீட்டிப்புகளுக்கும் நான்கு முறை போதும். கணிதம் படிக்கும் மாணவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

வரைகலையும் வெப்பமும்

படம் வரைதற்கென்றே கணினியில் வரைகலைச் செயலி என்னும் உறுப்பு அமைந்துள்ளது. உலாவி தன் வரையும் பணியை அதனிடம் ஒப்படைத்தலை வன்பொருள் முடுக்கம் என்பர். பெரும்பாலும் இது நன்மையே தரும். ஆனால் வரைகலைச் செயலியை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் பழையதாகவோ பிழையுடையதாகவோ இருப்பின், திரை மின்னும், கறுத்து மறையும், ஒளிப்படக் காட்சி திணறும். அப்பொழுது உலாவியின் அமைப்புகளில் முடுக்கத்தை நிறுத்தி, உலாவியை மூடித் திறந்து பார்த்தல் வேண்டும். திணறல் நீங்கின், டிரைவரைப் புதுப்பித்தபின் முடுக்கத்தை மீண்டும் இயக்குதலே முறை. நீங்காவிடின் உடனே முன்போல் இயக்கிவிடுக. இன்றேல் வரையும் பாரம் முழுவதும் நுண்செயலியின் தலைமேல் ஏறும்.

தொடக்கத்தில் நன்கு ஓடி, சிறிது நேரம் கழிந்தபின் தளரும் மடிக்கணினியும் உண்டு. நுண்செயலி மிகுதியாகச் சூடேறின், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியில் தூசு படிந்தாலும் வெப்பம் வெளியேறாது. மரப்பலகைமேல் வைத்தலும் தூசு நீக்குதலுமே சிலபோது முழு மருந்தாக அமைந்துவிடும்.

உலாவியைப் புதுப்பித்து வைத்தலும் வேண்டும். புதிய பதிப்புகள் பாதுகாப்புக் குறைகளைக் களைவதோடு, வேகத்தையும் பல இடங்களில் திருத்துகின்றன. ஆயின் பழைய இயங்குதளம் புதிய உலாவியை ஏற்காமற் போதலும் உண்டு. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குரோமின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7-இல் இயங்குவதில்லை. அத்தகைய கணினியில் வங்கிப்பணி முதலியவற்றைச் செய்யாமை நலம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காரணம் நாடுவார்க்கு முதன்மையான விதி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, விளைவைப் பார்க்க, பயனில்லையெனின் பழைய நிலைக்கே மீட்க. ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து, உலாவி நலம் பெற்றாலும், நலம் செய்தது எது என்பது தெரியாது. மறுமுறை அதே நோய் வருங்கால், மீண்டும் ஐந்தினையும் செய்ய நேரும். ஒரு தாளில் 'இதைச் செய்தேன். இது நிகழ்ந்தது' என எழுதிக்கொள்ளுதல் பெருந்துணையாகும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இதற்கு மிகவும் பொருந்துவது.

உலாவி தளர்ந்தது என்றவுடன் பலர் கூறும் முதல் அறிவுரை, 'எல்லாவற்றையும் அழித்துவிடு' என்பது. இதன்கண் எச்சரிக்கை வேண்டும். முன்பு பார்த்த பக்கங்களின் படம் முதலியவற்றை உலாவி நம் கணினியிலேயே சேமித்து வைக்கும். கேச் எனப்படும் இச்சேமிப்பு வேகத்தின் பொருட்டே ஏற்பட்டது. அதனை அழித்தபின் பக்கங்கள் முதன்முறை இன்னும் மெதுவாகவே வரும். ஏனெனில் அனைத்தையும் மீண்டும் வழங்கியிடமிருந்து பெறவேண்டும். சேமித்தது பழுதுற்று ஒரு தளம் பிழையாகத் தோன்றும்பொழுது அதனை அழித்தல் பயன் தரும். அதே சாளரத்தில் கடவுச்சொற்கள், குக்கீகள் முதலியவற்றை அழிக்கும் கட்டங்களும் இருத்தல் கூடும். அவற்றைப் பாராது குறியிட்டுவிட்டு, கடவுச்சொல்லை இழந்து, இறுதி நாளன்று விண்ணப்பத் தளத்தினுள் நுழைய இயலாமல் தவித்தல், காய்ச்சலுக்கு மருந்துண்டு கண்ணை இழத்தல் போன்றதாகும்.

பிற வழிகள் பயன்படாதபொழுது, உலாவியைத் தொடக்க நிலைக்கு மீட்கும் ஏற்பாடு குரோமிலும் பயர்பாக்ஸிலும் உண்டு. பக்கக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அதனால் அழியா. ஆனால் குரோமில் நீட்டிப்புகள் முடக்கப்படும், பயர்பாக்ஸில் அவை நீக்கப்படும். இதனை இறுதி மருந்தாகக் கொள்க.

போலி மருத்துவர்

நோயாளி உள்ள இடத்தில் போலி மருத்துவரும் வருவர். 'உங்கள் கணினி தளர்ந்துள்ளது. இதனைச் சொடுக்கின் விரைவு பெறும்' என்னும் விளம்பரங்கள் திரையில் தாமே தோன்றும். 'கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது. இவ்வெண்ணை அழைக்க' என அச்சுறுத்துவனவும் உண்டு. வலைப்பக்கம் ஒன்று நம் கணினி முழுவதையும் ஆராய்ந்து நோய் கூறுதல் இயலாது. அவ்வெண்ணை அழைத்தால், மறுமுனையில் உள்ளவர் நம் கணினியைத் தம் ஆட்சிக்குட் கொணர்ந்து பணத்தைப் பறிப்பர். அத்தகைய சாளரத்தை மூடுவதே போதிய மருந்து. பணத்தை இழந்தவர் காலம் தாழ்த்தாது 1930 என்னும் இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

நல்ல மருந்தே பின்னர் நஞ்சாக மாறியதற்கும் சான்று உண்டு. தி கிரேட் சஸ்பெண்டர் என்னும் நீட்டிப்பு, பயன்படுத்தாத தாவல்களை உறங்கச் செய்து நினைவகத்தை மீட்டுத் தந்தது. பலரும் அதனை நம்பிப் பயன்படுத்தினர். 2020-இல் அதனை ஆக்கியவர் அதன் உரிமையைப் பிறர்க்கு விற்றார். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதனுள் தீங்கு செய்யும் நிரல் உள்ளது எனக் கூறி, கூகுள் நிறுவனம் அதனைத் தன் கடையினின்று நீக்கியதோடு பயனர் உலாவிகளிலும் முடக்கிற்று. அதனால் உறங்கிக் கிடந்த தாவல்களைப் பலர் இழந்தனர். தாவல்களைப் பக்கக்குறியாகச் சேமித்து வைத்தவர்க்கோ இழப்பு நேரவில்லை. ஒரு நீட்டிப்பைச் சேர்க்குமுன், 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அது இசைவு கேட்கிறதா எனப் பார்த்தலும், அது நமக்கு உண்மையில் வேண்டுவதா என எண்ணுதலும் கடமையாகும்.

முடிவுரை

மாணவர்களே! உலாவியின் நோய்களும் மருந்துகளும் காலந்தோறும் மாறும். இன்றுள்ள அமைப்பின் பெயர் நாளை வேறாகலாம். இன்றைய உலாவி நாளை மறையலாம். ஆனால் ஆராயும் முறை மாறாது. குறியை உற்று நோக்குக. தாமதமா, திணறலா எனத் தெளிக. ஏரி, வாய்க்கால், வயல் என இடம் பிரித்துச் சோதிக்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மீட்க இயலாதவற்றை முன்னரே காத்துக்கொள்க. அச்சுறுத்துவார் சொல்லையும் ஆசை காட்டுவார் சொல்லையும் நம்பற்க.

இம்முறை அறிந்த மாணவன், பள்ளியில் தன் தோழனது கணினி தளர்ந்தபொழுதும், அண்டைவீட்டு முதியவர் ஓய்வூதியச் சான்றை இணையத்தில் அளிக்க இயலாது திகைக்கும்பொழுதும் துணைநிற்க வல்லவன் ஆவான். தான் கற்றதனால் பிறர் தடை நீங்கக் காண்பது கல்வியின் பயன்களுள் ஒன்று அன்றோ?

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக:
1. வழங்கி என்பது யாது?
2. தாமதத்திற்கும் திணறலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஒரு காட்சியை ஆக்க உலாவிக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு? அக்கணக்கைக் காட்டுக.
4. கேச் சேமிப்பை அழித்தபின் பக்கங்கள் முதன்முறை மெதுவாக வருவது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக:
1. ஏரி, வாய்க்கால், வயல் என்னும் உவமையை விளக்குக.
2. 8 நீட்டிப்புகளுள் குற்றமுடைய ஒன்றை மூன்றே முறையிற் கண்டறிதல் எங்ஙனம்?
3. 'உலாவி நினைவகத்தை மிகுதியாகக் கொள்ளுதல் தானே நோய் ஆகிவிடாது' — காரணம் காட்டுக.

இ. கட்டுரை வரைக:
நும் வீட்டிலோ பள்ளியிலோ பழுதுற்ற ஒரு கருவியின் காரணத்தை நீவிர் எவ்வாறு ஆராய்வீர்?

ஈ. சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக:
இருளில் அம்பு எய்தல்; பதறாத காரியம் சிதறாது; இன்றியமையாதது; இறுதி மருந்து.

உ. பிரித்து எழுதுக:
முதற்படி, பயனில்லை, எக்கருவியும், சொற்பிழை, அதனினும்.